பற்றை இல்லாத வளவு

மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான் பக்கம் போகும் வழியில், குளத்துக்குக் கீழே பிரித்துக் கொடுத்த காணிகளில் சுதாஜினியின் வளவு மட்டும் தூரத்திலேயே தெரியும். மற்ற வளவுகளில் வேலியும் பற்றையும் மரமுமாக இருக்க, அவளுடையதில் படலையில் இருந்து குசினி வாசல்வரை விளக்குமாற்றின் கோடு விழுந்த வெறும் மணல். மூன்று பக்கமும் கொங்கிறீட் தூணும் முட்கம்பியும். கிணற்றடியில் இரண்டு தென்னை, பின்னால் அரை ஏக்கரில், பாஷன் புரூட் என்கிற கொடித்தோடைக்குப் பந்தல். வேறு பச்சை எதுவும் இல்லை. ஒரு நாயுருவி தலைகாட்டினாலும் அவள் அதை அன்றைக்கே பிடுங்கிவிடுவாள்.

அவள் மிதிவெடி அகற்றுகிறவள். திங்கள் விடிய நிறுவனத்தின் பஸ்ஸில் முகமாலைக்குப் போனால் வெள்ளி பின்னேரம்தான் வீடு. கவசத்தைப் போட்டு, முகத்துக்குக் கண்ணாடியை இறக்கி, முழங்காலில் இருந்து முதலில் செய்வது கத்தரிக்கோலால் செடிகளை வெட்டுவது. ஒரு கைப்பிடி, இன்னொரு கைப்பிடி என்று தரை தெரியும்வரை வெட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் கருவியைப் பிடிப்பது, கிண்டுவது எல்லாம். பத்து வருடத்துக்கு மேலாக இந்த வேலை. மண் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கால் வைக்கக் கூடாது என்பது அவளுக்கு உடம்போடு சேர்ந்த பழக்கமாகிவிட்டது.

ஆனால் வளவை அவள் வெறுமையாக வைத்திருந்ததற்குக் காரணம் வேலை மட்டும் இல்லை. இரண்டாயிரத்துப் பத்தில் அகதி முகாமில் இருந்து திரும்பி வந்தபோது காணி முழுக்கப் பற்றை மூடிக் கிடந்தது. அப்பா வீரகத்தி கடைசிச் சண்டையில் இல்லாமல் போயிருந்தார். தாயும் மகளும்தான் வந்தார்கள். தாய் இராசேஸ்வரி கத்தியோடு இறங்கிக் கொட்டில் போடும் அளவுக்கு வெட்டி, வெட்டியதைக் குவித்துக் காயவிட்டு நெருப்பு வைத்தாள். குவியலுக்குக் கீழே மண்ணுக்குள் என்ன கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. வெடித்ததில் அவளுடைய வலது கண்ணும் வலது கையில் இரண்டு விரலும் போயின. பிறகு வெடி அகற்றும் ஆட்கள் வந்து அந்தப் பகுதி முழுவதையும் தேடி, சுத்தம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த முறை நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்தபோது சுதாஜினி முதல் ஆளாகப் போய் நின்றாள். சம்பளம் கைக்கு வரத் தொடங்கியதும் அவள் செய்த முதல் வேலை, பெக்கோ இயந்திரம் பிடித்து வளவு முழுவதையும் வழித்ததுதான்.

நாலாவது பக்கம் மட்டும் மிஞ்சியிருந்தது. அந்தப் பக்கம் வீரபாகுவின் காணி. எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டத்தை விட்டு வந்த குடும்பம். வீரபாகு இறந்து சில வருடங்கள் ஆகின்றன. மனைவி கமலாட்சியும் மகன் சதீஸும் இருந்தார்கள். இரண்டு காணிக்கும் நடுவில் வீரபாகு நட்ட கிளுவை வேலி. நட்டவை கதியால்கள்தான்; தடியை ஊன்றினால் அதுவே துளிர்த்து மரமாகிவிடும். பிறகு அதற்குள் காரை, பாவட்டை, நொச்சி, ஆவரசு எல்லாம் தாமாக வந்து சேர்ந்துகொண்டன. ஓர் ஆள் அகலத்துக்கு மேல் தடிப்பு. மஞ்சள் ஆவரசு ஏறக்குறைய வருடம் முழுக்கப் பூத்திருக்கும். கமலாட்சி அந்த வேலியில்தான் ஆடுகளுக்குக் குழை ஒடிப்பாள்.

சிவகரனைக் கல்யாணம் செய்த பிறகுதான் கொடித்தோடை வந்தது. அவன் குளத்துக்குக் கீழே நெல் செய்கிறவன். மேட்டுக்காணி சும்மா கிடக்கிறதே என்று, விவசாயத் திணைக்களத்தால் கொடுத்த கன்றுகளை வாங்கிப் பந்தல் போட்டான். முதல் போகம் யாரும் எதிர்பார்க்காத மாதிரிக் காய்த்தது. பந்தல் கம்பி தொய்யுமளவுக்குப் பழம். மாங்குளத்தில் பழம் எடுக்கிறவர் வீட்டுக்கே வாகனம் கொண்டுவந்து ஏற்றிப் போனார்.

அந்தப் போகம் முடிகிற நேரத்தில் ஒருநாள் இராசேஸ்வரி பந்தலுக்குக் கீழே விழுந்த பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வலது பக்கத்தில் கிடந்த புடையன் பாம்பை அவள் காணவில்லை. சிவகரன் கண்டு கத்தியதால் கால் வைக்காமல் தப்பினாள். பாம்பு ஆறுதலாக வேலிக்குள் போனது. சனிக்கிழமை வீட்டில் நின்ற சுதாஜினி அது போன இடத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பின்னேரம் கமலாட்சி வீட்டுக்குப் போனாள்.

வேலியை எடுத்துவிட்டுத் தன் செலவிலேயே தூணும் கம்பியும் போடுவதாகச் சொன்னாள். கமலாட்சி வேலியைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய புருசன் நட்ட வேலி, ஆட்டுக்குக் குழை, வெயிலுக்கு நிழல். சுதாஜினி தாயின் கண்ணைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. வெடித்த அன்று இராசேஸ்வரியை மடியில் வைத்துக்கொண்டு மாங்குளம்வரை உழவு இயந்திரப் பெட்டியில் போனவள் கமலாட்சி.

"எடுத்துக்க புள்ள. ஒங்கம்மா பயமில்லாம நடக்கணும், அதுதான் முக்கியம்" என்றாள்.

கிழமை முடிவதற்குள் பெக்கோ வந்து வேலியை வேரோடு கிளப்பிப் போட்டது. வேலி நின்ற இடத்தில் தூணும் கம்பியும் மட்டும் நிற்க, வெறும் தரை இரண்டு வளவையும் சேர்த்துத் தெரிந்தது. அன்றிரவு சுதாஜினி நன்றாகத் தூங்கினாள்.

அடுத்த பூக்காலம் பந்தலில் பூவுக்குக் குறையில்லை. மத்தியானம் விரிகிற பூ, வெள்ளையும் ஊதாவுமாகப் பந்தலை மூடியிருந்தது. அடுத்த நாள் எல்லாம் வாடிக் கீழே கிடந்தன. மறுநாளும் அப்படித்தான். பிஞ்சு பிடித்தது அங்கொன்று இங்கொன்று. சிவகரன் தண்ணீரைக் கூட்டிப் பார்த்தான், பசளை மாற்றினான், யாரோ சொன்னார்கள் என்று ஒரு மருந்தும் அடித்தான். பூ விழுவது நிற்கவில்லை. பழம் எடுக்கிறவர் வாகனத்தோடு வந்து பாதிப் பெட்டிகூட நிரம்பாமல் திரும்பினார்.

விவசாயப் போதனாசிரியர் நிருஷன் வந்து பூவைப் பிரித்துக் காட்டினார். இந்த மஞ்சள் கொடித்தோடை தன் சொந்த மகரந்தத்தை ஏற்காது, வேறு கொடியில் இருந்து வர வேண்டும். பூ பெரியது என்பதால் தேனீ கீழால் நுழைந்து தேனைக் குடித்துவிட்டுப் போய்விடும், மேலே முட்டாது. பெரிய கருவண்டு வந்தால்தான் அதன் முதுகில் மகரந்தம் ஒட்டி அடுத்த பூவுக்குப் போகும். அவர் அரை மணித்தியாலம் பந்தலடியில் நின்று பார்த்தார். ஒரு கருவண்டும் வரவில்லை.

"போன வருசம் வந்தது தானே?" என்று கேட்டார். சிவகரனுக்கு அது ஞாபகம் இருந்தது. கொடிக்குள் கை வைக்கப் பயப்படுமளவுக்கு அவை இரைந்து திரிந்தன. இப்போது ஏன் இல்லை என்று நிருஷனால் சரியாகச் சொல்ல முடியவில்லை. மருந்து அடித்ததாலும் இருக்கலாம், கூடு வைக்க மரம் இல்லாததாலும் இருக்கலாம் என்றார். மருந்தை நிறுத்தி, காய்ந்த மரக்கொம்புகளைப் பந்தலில் கட்டச் சொன்னார். அதுவரைக்கும் கையால்தான் மகரந்தம் பூச வேண்டும்.

பூசினார்கள். சிவகரன் வயலில் இருந்து மத்தியானம் ஓடிவந்து, பூக்கள் விரிந்திருக்கும் நேரத்துக்குள் விரலால் ஒரு பூவில் தொட்டு மற்றப் பூவில் தடவிக்கொண்டே போவான். இராசேஸ்வரி தாழ்வாகத் தொங்கிய பூக்களை இடது கையால் செய்தாள். சனியும் ஞாயிறும் சுதாஜினி. அவளுக்கு இந்த வேலை கடினமாக இல்லை, பொறுமை அவளுக்குப் பழகியதுதான். வெயில்தான் தாங்க முடியவில்லை. வேலி நின்ற பக்கத்தில் இருந்து அனல் நேரே வந்து அடித்தது. எவ்வளவு செய்தும் பந்தலில் காற்பங்குக்கு மேல் எட்ட முடியவில்லை. கட்டிய கொம்புகள் காய்ந்தபடியே தொங்கின.

முகமாலையில் அப்போது அவர்களுடைய அணி ஒரு பழைய குடிமனைப் பக்கம் வேலை செய்தது. முப்பது வருடமாக ஆள் கால் படாத இடம். தலை இல்லாத பனைகளும் இடிந்த கிணறும் அவற்றை மூடி வளர்ந்த பற்றையும்தான். ஓய்வு நேரத்தில் கவசத்தைக் கழற்றிவிட்டு நிழலில் இருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, வெடி தேடாத இடத்தைக் காட்டும் சிவப்புத் தடிகளுக்கு அப்பால் நின்ற ஆவரசில் இருந்து ஓர் இரைச்சல் வந்தது. பறக்கும்போது இரைவது ஒரு மாதிரி, பூவில் இருக்கும்போது இரைவது இன்னொரு மாதிரி, குரல் உயர்ந்து அதிர்கிறது. சுதாஜினி எட்டிப் பார்த்தாள். பெருவிரல் பருமனில் கருவண்டு. பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்க, மஞ்சள் பொடி அதன் வயிற்றில் கொட்டியது. அந்தப் பற்றை முழுக்க அவைதான். சில, பட்டுப்போய் நின்ற ஒரு மரத்தின் துளைக்குள் போய் வந்தன.

இதே இரைச்சலை அவள் வேறெங்கோ கேட்டிருக்கிறாள். எங்கே என்று யோசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. கிணற்றில் தண்ணீர் அள்ளும்போது வேலியில் இருந்து கேட்கும் இரைச்சல் அது. கொடித்தோடை தேனைத்தான் கொடுக்கிறது, அதுவும் பூக்காலத்தில் மட்டும். மற்ற நாளெல்லாம் இதுகள் எதைத் தின்று இருந்தன, குஞ்சுக்கு எதைக் கொடுத்தன என்பது இப்போது அவளுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது. பாம்பு போன வேலி என்று தான் வழித்துப் போட்டது எதை என்றும் விளங்கியது.

பக்கத்தில் இருந்த அணித் தலைவி ஜெயரூபி என்ன பார்க்கிறாய் என்று கேட்டாள். சுதாஜினி சொன்னாள். ஜெயரூபி சிரிக்கவில்லை. "நாளைக்கு அந்த வரிசை உனக்குத்தான்" என்றாள்.

மறுநாள் அந்த ஆவரசுகளை அவள்தான் வெட்டினாள். வெட்டாமல் விட வழியில்லை. அதற்குக் கீழே இருந்து இரண்டு மிதிவெடி எடுத்தார்கள். வெட்டிய கிளைகளைப் பின்னால் சுத்தமான பக்கத்தில் குவிப்பது வழக்கம். வேலை முடிந்த பிறகு அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் இருந்து, தட்டையான மண்ணிறக் காய்களை ஒவ்வொன்றாக ஒடித்துச் சாப்பாட்டுப் பெட்டியில் போட்டுக்கொண்டாள். ஜெயரூபியும் வந்து ஒரு பக்கம் இருந்து ஒடித்தாள்.

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் சொன்னாள். சிவகரனுக்குச் சந்தோசம்தான், ஆனால் அவன் மாமியாரைப் பார்த்தான். இராசேஸ்வரி கதிரையில் இருந்தபடி மகள் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்:

"வேலியை எனக்காகவோ வெட்டினனீ?"

"ஓம் அம்மா."

"நான் கேக்கேல்லையே பிள்ளை."

சுதாஜினி சாப்பிட்ட கோப்பைகளை அடுக்கத் தொடங்கினாள்.

"அண்டைக்கு வெடிச்சது பற்றை இல்லை. ஆரோ கொண்டுவந்து தாட்ட சாமான். பற்றை தன்ர பாட்டுக்கு வளந்தது" என்றாள் இராசேஸ்வரி. வேலி இருந்தபோது பின்னேரத்தில் அதன் நிழலில் கமலாட்சியோடு இருந்து கதைப்பாளாம். இப்போது அங்கே இருக்க ஏலாது, வெயில். பாம்பு வெறும் வளவுக்குள்ளும் வரும், இடது கண் நன்றாகத்தான் தெரிகிறது என்றும் சொன்னாள். சுதாஜினி எழுந்து போய்க் கோப்பைகளைக் கழுவினாள். பத்து வருடமாகத் தான் தாய்க்குச் செய்துகொண்டிருப்பதாக நினைத்தது தனக்கே செய்துகொண்டது என்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள். அழுகை வந்தது, ஆனால் அதிக நேரம் நிற்கவில்லை.

கமலாட்சியிடம் போவதுதான் கடினமாக இருந்தது. காலையில் அவள் முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். சுதாஜினி நின்றபடியே சொன்னாள்.

"வேலியை எடுக்கச் சொல்லிக் கேட்டதும் நான்தான் கமலாட்சியம்மா. இப்ப திருப்பி நடுவம் எண்டு வந்து நிக்கிறதும் நான்தான். கோவிக்காதேங்கோ."

சுளகு நிற்கவில்லை. "இனி எனக்கு எதுக்கு புள்ள வேலி? ஆடெல்லாம் வித்தாச்சு" என்றாள் கமலாட்சி.

சுதாஜினிக்கு அது தெரியாது. கிழமை நாட்களில் வீட்டில் இல்லாததால் ஆட்டுச் சத்தம் இல்லை என்பதைக்கூட அவள் கவனித்திருக்கவில்லை. கோடையில் குழை இல்லாமல் போனதும், ரோட்டோரமாக மேய்க்கக் கமலாட்சியின் முழங்கால் விடாததும், சதீஸ் ஆடுகளைப் பிடித்துக் கொடுத்ததும் பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தன. ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். சொல்லி என்ன ஆகும் என்றாள் கமலாட்சி. கோபமாகச் சொல்லவில்லை. அது சுதாஜினிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நின்றவள் நிலத்தில் இருந்துவிட்டாள். அன்றைக்கு ஓம் என்ற சொல் வரவில்லை. மகனிடம் கேட்க வேண்டும் என்று மட்டும் கமலாட்சி சொன்னாள்.

சதீஸுக்குக் கம்பி வேலியில் விருப்பம். மாடு வராது, எல்லைச் சண்டை வராது. பல நாள் இழுபட்டுக் கடைசியில் கம்பி அப்படியே நிற்கட்டும், இரண்டு பக்கமும் ஒரு முழம் விட்டுக் கதியால் நடுவோம் என்று ஒத்துக்கொண்டான். கனகராயன்குளத்தில் இருந்த கமலாட்சியின் நாத்தனார் வீட்டில் கிளுவை தாராளமாக இருந்தது. ஐப்பசி மழை தொடங்கியதும் சதீஸும் சிவகரனும் உழவு இயந்திரத்தில் போய்த் தடிகளும், வேரோடு கிண்டிய பாவட்டைக் கன்றுகளும் ஏற்றி வந்தார்கள்.

நடுகிற அன்று குழி தோண்டச் சிவகரன் அலவாங்கோடு இறங்க, சுதாஜினி அவனைத் தடுத்தாள். வீட்டுக்குள் போய்ச் சின்னக் கைக்கரண்டியை எடுத்து வந்து முழங்காலில் இருந்தாள். ஒவ்வொரு குழியையும் மேலிருந்து குத்தாமல், வேலையில் செய்வதுபோலப் பக்கவாட்டில் இருந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தாள். அந்தக் காணி சுத்தம் என்பது அங்கு நின்ற எல்லாருக்கும் தெரியும், அவளுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். பெக்கோவே அந்த மண்ணைப் புரட்டியிருந்தது. ஆனாலும் அவள் அப்படித்தான் கிண்டினாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. சிவகரன் அலவாங்கைக் கீழே போட்டுவிட்டு, அவள் முடித்த குழிகளில் தடியை ஊன்றி மண்ணை மிதித்துக்கொண்டு வந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற கமலாட்சி சதீஸிடம், "நீயும் மெதுவா கிண்டு" என்றாள்.

இராசேஸ்வரி ஆவரசு விதைகளைக் கொதிநீரில் போட்டெடுத்து ஊறவைத்திருந்தாள். அப்படிச் செய்தால்தான் முளைக்கும் என்று ஜெயரூபி சொல்லிவிட்டிருந்தாள். தடிகளுக்கு இடையில் விதை போடும் வேலையைத் தாயிடமே விட்டாள் சுதாஜினி. மூன்று விரலால் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டு இராசேஸ்வரி வேலி முடியும்வரை போனாள்.

முதல் வருடம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. தடிகளில் கொஞ்சம் செத்துப்போயின. ஆவரசு முழங்கால் உயரத்தில் நின்றது. கையால் பூசும் வேலை தொடர்ந்தது. சனிக்கிழமைகளில் வளவைக் கூட்டும்போது சுதாஜினி வேலியில் இருந்து இரண்டு முழம் தள்ளியே நின்றுகொள்வாள். அங்கே விழுந்து கிடக்கும் சருகைப் பார்க்க அவளுக்குக் கை பரபரக்கும், பேசாமல் திரும்பிவிடுவாள். ஒருநாள் சருகுக்குள் ஏதோ ஓட, விளக்குமாற்றை ஓங்கினாள். பார்த்தால் செண்பகப் பறவை, ஒரு பூரானைக் கவ்விக்கொண்டு நின்றது.

இரண்டாம் வருடம் ஆவரசு பூத்தது. கருவண்டும் வந்தது. ஆனால் சிவகரன் பந்தலில் கட்டிவைத்த கொம்புகளை அவை திரும்பியும் பார்க்கவில்லை. குசினிக் கூரையின் மலிவு மரச் சலாகையைத் துளைத்துக் கூடு வைத்தன. சோற்றுப் பானைக்குள் மரத்தூள் விழுகிறது என்று அவனுக்குக் கோபம். துளையை அடைக்கத் தார் வாங்கி வந்தான். இராசேஸ்வரி பானையை மூடி வைத்தால் போயிற்று என்றாள். தார் டப்பா திறக்கப்படவில்லை.

இந்த வருடம் பழம் முதல் போகத்தின் அளவுக்கு இல்லை. பந்தலில் வேலியோடு கிட்டிய பாதி நன்றாகக் காய்த்திருக்கிறது. எட்டத்தில் உள்ள பாதிக்குச் சிவகரன் இன்னும் மத்தியானத்தில் கையால் பூசுகிறான். அந்தப் பக்கமும் கம்பியோரம் ஆவரசு விதைக்கச் சுதாஜினி சம்மதித்துவிட்டாள். கமலாட்சி ஒரு மறி ஆடு வாங்கியிருக்கிறாள். வாங்கிக் கொடுக்கிறேன் என்று சுதாஜினி கேட்டபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். குழை மட்டும் உன் பக்கத்திலும் ஒடிப்பேன் என்றாள்.

போன மாதம் வேலியால் மறுபடியும் ஒரு கதை வந்தது. கிளுவை உயர்ந்து சதீஸின் மிளகாய்ப் பாத்திக்கு நிழல் விழுகிறது, இடுப்பளவுக்கு வெட்ட வேண்டும் என்றான் அவன். வெட்டினால் ஆவரசும் போய்விடும், கொடித்தோடை பூக்கிற நேரம் இது என்றாள் சுதாஜினி. இரண்டு பேரும் கம்பிக்கு இரண்டு பக்கத்திலும் நின்று குரலைக் கொஞ்சம் உயர்த்தித்தான் கதைத்தார்கள்.

கமலாட்சி வந்து இரண்டையும் கேட்டாள். "மொளகா பக்கம் இப்ப வெட்டு. மத்தப் பக்கம் பூ முடிஞ்சாப் பிறகு வெட்டிக்கலாம். மொத்தமா வெட்டாத" என்று மகனிடம் சொல்லிவிட்டு, சுதாஜினியைப் பார்த்து, "சரிதான புள்ள?" என்று கேட்டாள்.

"ஓம், அது சரி" என்றாள் சுதாஜினி. வெட்டிய குழையை அவளும் கம்பிக்கு மேலால் எடுத்துக் கொடுத்தாள்.